டிராக்டருக்கு ஆர்.சி. இருக்கிறது, டிரெய்லருக்கு?

வயலுக்குள் உழுகிற டிராக்டரிடம் யாரும் காகிதம் கேட்பதில்லை. வரப்பைத் தாண்டி ஊராட்சிச் சாலையில் முன்சக்கரம் ஏறியதும் கதை மாறிவிடுகிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்துக்கு நெடுஞ்சாலையும் கிராமச் சாலையும் ஒன்றுதான். பொதுமக்கள் போய்வர உரிமையுள்ள எந்த வழியும் அதன் கணக்கில் பொது இடம். ஒரத்தநாடு பக்கம் எங்கள் நிலம் இரண்டு இடத்தில் கிடக்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகச் சாலையைத் தவிர வேறு வழியில்லை. அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோவதும் அதே சாலையில்தான். ஆகவே பழைய டிராக்டர் ஒன்றை வாங்கி, அதற்கு டிரெய்லரும் சேர்ப்பது என்று முடிவானதும், மேட்டூரில் தண்ணீர் திறப்பதற்குள் காகிதங்களை எல்லாம் சரிசெய்துவிடுவது என்று இறங்கினேன்.

டிராக்டரின் பெயர் மாற்றம் பெரிய வேலையில்லை. விற்றவரும் நானும் ஒரே வட்டாரப் போக்குவரத்து அலுவலக எல்லைக்குள் இருந்தது வசதியாகப் போயிற்று. விற்பவர் கையெழுத்திடும் படிவம் 29, இருவரும் கையெழுத்திடும் படிவம் 30, அசல் ஆர்.சி. என்கிற பதிவுச் சான்று, நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், முகவரிச் சான்று ஆகியவை வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். இரண்டு இடங்களில்தான் முட்டுக்கட்டை விழுந்தது. விற்றவர் டிராக்டர் கடனை எப்போதோ அடைத்துவிட்டார், ஆனால் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் அப்படியே இருந்தது. கடன் முடிந்தால் அந்தப் பெயர் தானாக அழியாது. வங்கி கையெழுத்திட்ட படிவம் 35ஐயும் தடையில்லாக் கடிதத்தையும் கொடுத்து எடுக்க வேண்டும். அடுத்து, வாகனப் பதிவு வேலைகளுக்கான அரசின் பரிவாகன் இணையதளத்தில் ஓ.டி.பி. போன எண் விற்றவர் கைவிட்ட பழைய சிம். சேசிஸ் எண், என்ஜின் எண் எல்லாம் கொடுத்து முதலில் அவருடைய புதிய எண்ணை ஏற்றிய பிறகுதான் விண்ணப்பம் நகர்ந்தது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இந்த இரண்டையும் கேட்டுவிடுவது நல்லது. பணம் கைமாறிய பிறகு விற்றவருக்கு நம் தொலைபேசி அழைப்பு அவ்வளவு இனிப்பதில்லை.

வண்டியை ஆய்வாளர் பார்க்கும்போது சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்துத் தாளில் எடுப்பார்கள். சேறும் பெயிண்டும் கிரீஸும் அப்பிய டிராக்டரில் அந்த எண் எங்கே இருக்கிறது என்று தேடுவதே தனி வேலை. முதல் நாளே மண்ணெண்ணெய் துணியால் துடைத்து, எண் பளிச்சென்று தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போனேன்.

உண்மையான அலைச்சல் டிரெய்லரில்தான். விற்றவர் தம்மிடம் இருந்த பழைய டிரெய்லரையும் சகாய விலைக்குச் சேர்த்துத் தர முன்வந்தார். பட்டறையில் அடித்தது, பில் இல்லை, எண் இல்லை. "தம்பி, இந்தப் பக்கம் டிரெய்லருக்கு எவன் நம்பர் வாங்குகிறான்?" என்று கேட்டார். அவர் சொன்னது ஊர் நிலவரத்தைப் பொறுத்தவரை பொய்யில்லை. எங்கள் தெருவிலேயே எண் இல்லாத டிரெய்லர்கள் ஓடுகின்றன. ஆனால் சட்டத்தில் டிரெய்லர் தனி வாகனம். அதற்குத் தனிப் பதிவு, தனி எண், தனி ஆர்.சி. உண்டு. பதிவில்லாத வாகனத்தைச் சாலையில் ஓட்டினால் முதல் முறைக்கே 5,000 ரூபாய் வரை அபராதம் போகலாம். அபராதத்தைக்கூட விடுங்கள், இன்சூரன்ஸ் என்ன ஆகும் என்று யோசித்ததும் அந்தச் சகாய விலை எனக்குச் சகாயமாகத் தெரியவில்லை. வேண்டாம் என்றேன்.

புது டிரெய்லருக்கு விலை விசாரிக்கப் போன பட்டறைகளில் நான் முதலில் கேட்ட கேள்வி எத்தனை டன் தாங்கும் என்பதல்ல, படிவம் 21, படிவம் 22 தருவீர்களா என்பதுதான். முன்னது விற்பனைச் சான்று, பின்னது வண்டி சாலைக்குத் தகுதியானது என்று தயாரிப்பாளர் தரும் சான்று. பாதிப் பேர் பேச்சை டயருக்கும் ஆக்சிலுக்கும் மாற்றினார்கள். தயங்காமல் தருகிறேன் என்றவரிடம் விலை கூடுதல், அங்கேதான் வாங்கினேன். அவர் கொடுத்த காகிதங்களோடு படிவம் 20இல் பதிவுக்கு விண்ணப்பித்தோம். விவசாயப் பயன்பாட்டுக்கு என்று பதிவு செய்வதால் சிட்டா, அடங்கல் நகலும், கிராம நிர்வாக அலுவலரின் சான்றும் கேட்டார்கள். ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் டிரெய்லர் சாலையில் போக வேண்டும்; பதிவில்லாமல் எப்படிப் போவது? அதற்குத்தான் தற்காலிகப் பதிவு. இதைப் பட்டறைக்காரரே முடித்துக் கொடுத்தார்.

ஆய்வன்று டிராக்டரோடு பூட்டியே கொண்டுபோனோம். பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான், கொக்கியும் அதன் முள்ளும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். வலது இண்டிகேட்டர் எரிய மறுத்தது. அலுவலகத்துக்கு எதிரே டீக்கடையை ஒட்டி ஒரு எலக்ட்ரீஷியன் இதற்கென்றே உட்கார்ந்திருக்கிறார். அவர் ஒயரை மாற்றிக் கொடுத்ததும் வேலை முடிந்தது. வெளியே நிற்கும் புரோக்கர்களின் உதவி இல்லாமல் இது நடக்காது என்று பலர் சொல்லியிருந்தார்கள். எனக்கு நடந்தது. நேரம் கூடுதலாக ஆயிற்று என்பது உண்மைதான்.

எண் கிடைத்த பிறகு அதை எழுதுவதிலும் ஒரு முறை இருக்கிறது. டிரெய்லரின் எண் அதன் இடப்பக்கத்தில் இருக்க வேண்டும். பின்பக்கம் இழுத்துச் செல்லும் டிராக்டரின் எண் வர வேண்டும். பெயிண்டர் இரண்டையும் மாற்றி எழுதப் போனார். பக்கத்தில் நின்று எழுத வைத்தேன். ஆர்.சி. இப்போது தபாலில்தான் வருகிறது. வீடு பூட்டியிருந்தால் திரும்பிப் போய்விடும் என்பதால் தபால்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன்.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் நல்ல மனிதர், அவசரக்காரர். டிராக்டருக்குப் போட்டால் போதும், டிரெய்லர் அதோடு ஒட்டிக்கொண்டுதானே வருகிறது என்றார். ஒட்டிக்கொண்டு வருவது சாலையில். பாலிசியில் அப்படி வராது. டிரெய்லரின் எண்ணைக் குறிப்பிட்டு, அதற்குரிய பிரீமியத்தையும் கட்டி, பாலிசித் தாளில் அது அச்சாகியிருப்பதைப் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன். எதற்காக ஓட்டுகிறோம் என்பதும் முக்கியம். 2007இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இதற்குச் சாட்சி. விவசாயத்துக்கென்று இன்சூரன்ஸ் செய்த டிராக்டரும் டிரெய்லரும் செங்கல் சூளைக்கு மண் ஏற்றப் போய், அதில் இருந்த தொழிலாளி ஒருவர் படுகாயமடைந்தார். பாலிசிப்படி நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்று நீதிமன்றம் சொன்னது. தொழிலாளியின் ஏழ்மையைக் கருதி, நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றது. அந்த உரிமையாளரின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். நிலத்தை விற்றுத்தான் கட்ட வேண்டியிருக்கும்.

ஓட்டுநர் உரிமம் பற்றித்தான் ஊரில் ஆளுக்கொரு பேச்சு. கார் ஓட்டும் உரிமம் செல்லாது, டிராக்டருக்குத் தனியாக எடுக்க வேண்டும், டிரெய்லர் பூட்டினால் கனரக உரிமம் வேண்டும் என்றெல்லாம் சொல்வார்கள். சட்டத்தில் இலகு ரக வாகனம் என்பதன் விளக்கத்திலேயே டிராக்டர் என்று எழுதியிருக்கிறது. சுமையற்ற எடை 7,500 கிலோவைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். எங்கள் டிராக்டர் இரண்டு டன் சொச்சம். டிராக்டர் ஓட்ட உரிமம் பெற்றவர் டிரெய்லர் பூட்டி ஓட்டினாலும் அந்த உரிமம் செல்லும் என்று 2001இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தையும் இலகு ரக உரிமத்தோடு ஓட்டலாம் என்பதை 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. எனவே எனக்குப் புதிதாக எதுவும் தேவைப்படவில்லை. அண்ணன் மகனுக்கு மட்டும் எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமம் போட்டோம். பதினாறு வயதிலேயே அவன் வயலில் உழுவான். சாலையில் ஏற மட்டும் பதினெட்டு முடிந்து, முறைப்படி உரிமம் கைக்கு வரும்வரை விடவில்லை. அவனுக்கு என்மேல் கோபம்தான்.

காகிதம் முடிந்தாலும் வயல் பழக்கத்தைச் சாலைக்குக் கொண்டுவந்தால் ஆபத்து. டிராக்டரில் பிரேக் மிதி இரண்டு. வயல் மூலையில் திருப்ப ஒன்றை மட்டும் மிதிப்பதற்காக அவற்றைப் பிரித்து வைத்திருப்போம். சாலையில் வேகமாகப் போகும்போது ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி சுழன்று கவிழும். சாலையில் ஏறும் முன் இரண்டையும் இணைக்கும் கொக்கியை மாட்டிவிட்டாயா என்று அண்ணன் மகனிடம் இப்போதும் கேட்கிறேன். சேற்றுழவுக்குப் போடும் இரும்புக் கூண்டுச் சக்கரமான கேஜ் வீலோடு தார்ச்சாலையில் ஓட்டக் கூடாது என்பதும் அப்படித்தான். கழற்றி டிரெய்லரில் போட்டுக் கொண்டுபோக அரை மணி நேரம் கூடுதலாகும். தார் கிழிந்த பிறகு நெல் மூட்டையோடு அதே பள்ளத்தில் விழப்போவதும் நாம்தான்.

டிரெய்லர் வந்த மாதமே சித்தப்பா வந்து கேட்டார். குலதெய்வக் கோயிலுக்கு எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போகலாமே, நம் வண்டிதானே என்றார். அதில் ஆள் ஏற்றக் கூடாது, கவிழ்ந்தால் இன்சூரன்ஸ் ஒரு ரூபாய் தராது என்றேன். "உன் அப்பா காலத்தில் மாட்டு வண்டியில் போகவில்லையா?" என்றார். மாட்டு வண்டி கிடைத்தால் போகலாம் என்றேன். கடைசியில் வேன் பிடித்தோம். வாடகையில் பாதியை நான் கொடுத்தேன். சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டேதான் ஏறினார்.