உம்மாவின் ஹெப்பரின் நாள்கள்

உம்மாவின் இடது கால் மரக்கட்டை போல வீங்கியிருந்தது. ஸ்கேன் பார்த்த மருத்துவர், தொடையின் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது என்றார். அதில் ஒரு துண்டு கழன்று நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. உடனே ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பரின் மருந்தை டிரிப்ஸில் ஏற்றத் தொடங்கினார்கள்.

மருத்துவமனையில் காத்திருப்பவனுக்குப் படிக்க என்ன கிடைக்கும்? மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்தேன். பொடி எழுத்தில் ஒரு வரி: பன்றியின் குடல் சளிச்சவ்விலிருந்து எடுக்கப்பட்டது.

தம்பியிடம் காட்டினேன். "உம்மாவிடம் சொல்லாதே" என்றான். அரை மணி நேரம் எனக்கும் அதுதான் வசதியாகப் பட்டது. ஆனால் உம்மா வாய்க்குள் போகும் ஒவ்வொன்றையும் கேட்டு விசாரித்தே வாழ்ந்தவர். நரம்பு வழியாகப் போவதை மட்டும் அவரிடம் மறைக்க எனக்கு யார் உரிமை தந்தது? சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "கழற்றச் சொல்" என்றார். விசாரித்துவிட்டு வருகிறேன், அதுவரை இருக்கட்டும் என்று கெஞ்சினேன். "மஃரிப் வரைக்கும்தான்" என்றார். அந்தி நேரத் தொழுகை வரை.

தெரிந்த ஆலிம் (மார்க்க அறிஞர்) ஒருவருக்குத் தொலைபேசியில் பேசினேன். பதற்றத்தில் நான் கேட்டது இவ்வளவுதான்: "பன்றி சேர்ந்த மருந்து கூடுமா?" அவரும் அதே வேகத்தில், "அல்லாஹ் ஹராமில் ஷிஃபாவை வைக்கவில்லை, கூடாது" என்று சொல்லிவிட்டார். விலக்கப்பட்டதில் நிவாரணம் இல்லை என்று பொருள். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இருமலுக்கு மருந்து கேட்பவனுக்கும் உயிர் ஊசலாடுகிற தாய்க்காகக் கேட்பவனுக்கும் ஒரே பதில் வரும்படி கேட்டது நான்தான்.

இரண்டாவதாகப் பேசிய மூத்த ஆலிம், நாங்கள் ஹஜ்ரத் என்று அழைப்பவர், பதில் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார். "தம்பி, இந்த மருந்து இல்லாவிட்டால் என்ன ஆகும்? இதே வேலையைச் செய்யும் வேறு மருந்து உண்டா? உண்டென்றால் உம்மாவுக்கு ஏன் ஆகாது? இது எத்தனை நாளைக்கு? மருத்துவரிடம் கேட்டுவிட்டு வா. ஃபத்வாவில் பாதி அவர் வாயில் இருக்கிறது."

மருத்துவர் முஸ்லிம் அல்லர். கேட்டால் சலித்துக்கொள்வார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். ஃபோண்டாபாரினக்ஸ் என்று ஓர் ஊசி இருக்கிறது, முழுக்க ஆய்வகத்தில் செய்வது, விலங்குச் சம்பந்தமே கிடையாது. ஆனால் அது சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டிய மருந்து. உம்மாவின் சிறுநீரகம் ஏற்கெனவே மிகவும் பலவீனம். மருந்து உடம்பில் தேங்கி ரத்தக்கசிவு வரலாம். புதிய வகை மாத்திரைகளும் ஓரளவு சிறுநீரகத்தை நம்பியவையே. இந்த நிலையில் அவற்றைத் தொடங்க அவருக்குத் துணிவில்லை. வார்ஃபரின் மாத்திரை கொடுக்கலாம், அதுவும் செயற்கையானது, ஆனால் முழுதாக வேலை செய்ய ஐந்து நாளாவது ஆகும். அந்த இடைவெளிக்குத்தான் ஹெப்பரின். மாட்டிலிருந்து எடுக்கும் ஹெப்பரினும் உண்டாம். 1990களில் பைத்திய மாட்டு நோய் (மேட் கவ்) அச்சத்தால் பல நாடுகள் அதைக் கைவிட்டன. அந்த மருத்துவமனையில் அது இருப்பில் இல்லை.

இதையெல்லாம் எழுதிக்கொண்டு மீண்டும் ஹஜ்ரத்திடம் பேசினேன். முதல் ஆலிம் சொன்னது நபித்தோழர் இப்னு மஸ்ஊத் அவர்களின் கூற்று, புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது, அதைத் தள்ள முடியாது என்றார். ஆனால் குர்ஆனில் அல்பகரா அத்தியாயத்தின் 173ஆம் வசனம் பன்றி இறைச்சியைப் பெயர் சொல்லி விலக்கிவிட்டு, அதே வசனத்திலேயே நிர்ப்பந்திக்கப்பட்டவன் மீது குற்றமில்லை என்கிறது. வரம்பு மீறாதிருக்க வேண்டும், விரும்பிச் செய்யாதிருக்க வேண்டும். பிறகு அர்ஃபஜா என்ற நபித்தோழரின் செய்தியைச் சொன்னார். குலாப் போரில் மூக்கை இழந்த அவர் வெள்ளியில் மூக்கு செய்து பொருத்தினார். அது நாறத் தொடங்கியபோது தங்கத்தில் செய்துகொள்ள நபியவர்கள் சொன்னார்கள். ஆண்களுக்குத் தங்கம் ஹராம். "முதலில் வெள்ளி, ஆகாதபோதுதான் தங்கம், அந்த வரிசையைக் கவனி" என்றார்.

இஸ்திஹாலா என்று சொல்கிறார்களே, பொருள் முழுக்க உருமாறிவிட்டால் நஜீஸ் (அசுத்தம்) நீங்கிவிடும் என்று? கேட்டேன். அவர் சிரித்தார். உப்பளத்தில் விழுந்த கழுதை உப்பாகவே மாறிவிட்டால் அது உப்புதான் என்பது ஹனஃபி மத்ஹபின் (மார்க்கச் சட்டப் பிரிவின்) உதாரணம். நாங்கள் ஷாஃபிஈ, எங்கள் மத்ஹபில் அந்த வாசல் மிகக் குறுகல், மது தானாகக் காடியாவது போன்ற சிலவற்றுக்கு மட்டும். தவிர, ஹெப்பரின் உருமாறிய பொருளே அல்ல. விலங்கின் உடலில் இருந்ததைப் பிரித்துச் சுத்திகரித்து எடுக்கிறார்கள். தூய மாற்று இல்லாதபோது போதை தராத நஜீஸால் மருத்துவம் செய்யலாம் என்று நம் மத்ஹபின் இமாம் நவவி எழுதியிருப்பதே நமக்குப் போதும் என்றார். 2003இல் மக்காவில் கூடிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) சபையும் ஹெப்பரினின் இன்னொரு வகையைப் பற்றி ஏறக்குறைய இதையே சொன்னதாம்: ஈடான ஆகுமான மாற்று இல்லாதபோது கூடும், தேவைக்கு மேல் நீட்டக் கூடாது. எதற்கெடுத்தாலும் இஸ்திஹாலாவைத் தூக்கிக்கொண்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர் அந்த எளிய வழியில் போகாததுதான் எனக்கு நம்பிக்கை தந்தது.

பழைய நூல்களில் நம்பகமான முஸ்லிம் மருத்துவர் சொல்ல வேண்டும் என்றிருக்கிறதே என்றும் கேட்டேன். நம்பகம்தான் அதில் உயிர், மனம் ஆறவில்லையென்றால் இன்னொரு மருத்துவரிடமும் கேள் என்றார். கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார்.

மஃரிபுக்குச் சற்று முன் உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூக்கு விஷயத்தை இரண்டு முறை சொல்லச் சொன்னார். "அப்போது நாள் கணக்கு எண்ண வேண்டும்" என்றார். அவ்வளவுதான், சம்மதம்.

அன்றே வார்ஃபரினும் தொடங்கியது. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர் என்ற ரத்தப் பரிசோதனை எண் 2க்கு மேல் போய் ஒரு நாள் அங்கேயே நின்றால் ஹெப்பரினை நிறுத்தலாம் என்றார்கள். நிர்ப்பந்தம் அதன் அளவுக்கே என்ற ஃபிக்ஹ் விதிக்கு இவ்வளவு துல்லியமான எண் கிடைக்கும் என்று நான் நினைத்ததில்லை. மூன்றாம் நாள் 1.4. ஐந்தாம் நாள் 1.9, உம்மா முகம் வாடிப்போனது. ஆறாம் நாள் 2.2. ஏழாம் நாள் 2.3. செவிலியர் டிரிப்ஸைக் கழற்றியதும் உம்மா தொழுகைக்காக உளூச் செய்யத் தண்ணீர் கேட்டார்.

வீட்டுக்குப் போகும் அன்று கொடுத்த மருந்துகளில் அமிலத்துக்கான கேப்சூல் ஒன்று இருந்தது. உம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்த உறை எதில் செய்தது?" ஜெலட்டின், எந்த விலங்கு என்று தாளில் இல்லை. பிரித்து உள்ளிருப்பதை மட்டும் தரலாமா என்றேன். கேட்காமல் அப்படிச் செய்யக் கூடாது, சில மருந்துகளுக்கு உறை ஒரு காரணத்தோடுதான் இருக்கும் என்றார் மருந்தாளுநர்.

"இதற்கு மாத்திரை இருக்கிறதா என்று கேள். இதில் எனக்கு நிர்ப்பந்தம் இல்லை" என்றார் உம்மா.

இருந்தது. இரண்டு நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தார்கள்.