எச்சத் தடத்துக்காக பானெட்டுக்கு பெயின்ட் அடிக்காதீர்கள்

ஆனி பிறந்தால் மதுரையில் வேப்பம்பழம் கொட்ட ஆரம்பித்துவிடும். காக்கா, குயில், மைனா எல்லாவற்றுக்கும் எங்கள் தெருமுனை மரத்தில்தான் பந்தி. அந்த நிழலில்தான் என் காரும் நிற்கிறது, தெருவில் வேறு இடம் இல்லை. வண்டி கருநீலம். வெள்ளை வண்டியில் கண்ணுக்கே படாத பறவை எச்சத்தின் தடமெல்லாம் இதில் பளிச்சென்று தெரியும். போதாததற்கு, அடர்ந்த நிறம் வெயிலில் கூடுதலாகச் சூடேறும்.

எச்சத்தில் ஆசிட் இருக்கிறது, அது பெயின்ட்டைத் தின்றுவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதிக் கதைதான். பறவைகள் நம்மைப் போல சிறுநீராகக் கழிப்பதில்லை. அந்தக் கழிவு யூரிக் அமிலமாக, வெள்ளைப் பசையாக, மலத்தோடு சேர்ந்தே விழுகிறது. அது தண்ணீரில் லேசில் கரையாது. காய்ந்த எச்சத்தின் மேல் ஒரு வாளித் தண்ணீரை வீசினாலும் வெள்ளை அப்படியே நிற்பது அதனால்தான். இதோடு செரிமான என்சைம்களும் சேர்ந்துகொள்ளும். ஈரானின் அமீர்கபீர் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், எச்சத்தோடு பான்கிரியாட்டின் என்ற என்சைம் கலவையையும் கிளியர் கோட் (நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) மேல் வைத்துச் சோதித்தார்கள். அதுவும் எச்சத்தைப் போலவே மேற்பரப்பைக் கெடுத்தது.

எல்லாவற்றையும்விட வெயில்தான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். இங்கிலாந்தின் ஆட்டோகிளிம் நிறுவனமும் தன் சோதனைகளை வைத்து இதைத்தான் சொன்னது. உச்சி வெயிலில் கிளியர் கோட் இளகி விரியும். மேலே கிடக்கும் எச்சம் காய்ந்து கெட்டியாகும். சாயங்காலம் பெயின்ட் ஆறிச் சுருங்கும்போது, எச்சத்தின் அடிப்பக்கம் எப்படி மேடும் பள்ளமுமாக இருக்கிறதோ, அதே அச்சு கிளியர் கோட்டில் பதிந்துவிடும். நாம் துடைத்த பிறகு மங்கலாகத் தெரிவது அந்த அச்சுதான். ஆகவே காலையில் விழுந்ததை வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

எடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. எச்சத்துக்குள் மண்ணும் விதைத் துணுக்கும் இருக்கும். காய்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், எச்சம் போய்க் கீறல் வந்து நிற்கும். நான் டிஷ்யூ பேப்பரை நாலாக மடித்துத் தண்ணீரில் நன்றாக நனைத்து அதன் மேல் வைத்துவிடுவேன். பத்து நிமிடம் தொடமாட்டேன், நடுவில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் மட்டும் சொட்டவிடுவேன். ஓரம் ஊறிக் கிளம்பியதும் பேப்பரோடு சேர்த்து மேலே தூக்கி எடுக்கவேண்டும், தேய்க்கக் கூடாது. மிச்சத்துக்கு ஷாம்பூ தண்ணீரும் மைக்ரோஃபைபர் துணியும் போதும்.

அப்புறம் நிழலில் வைத்து, போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு வட்டம், உள்ளே மட்டும் பளபளப்புச் செத்து, ஓரத்தில் மெல்லிய வரப்பு கட்டினதுபோல் இருக்கும். அதன் மேல் நகத்தை மெதுவாக ஓட்டவேண்டும். நகம் தட்டவில்லை என்றால் வீட்டிலேயே பார்க்கலாம். முதலில் சூடு. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை வைத்தால், இல்லை ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து ஆட்டிக்கொண்டே காட்டினால், கிளியர் கோட் கொஞ்சம் இளகி, பதிந்த அச்சு தளரும். லேசான தடங்கள் இதிலேயே பாதி மறைந்துவிடும். பெயின்ட் ஆறியதும் ஃபோம் பேடில் பட்டாணி அளவு ஃபைன் பாலிஷ் எடுத்து, கையாலேயே நெடுக்காகவும் குறுக்காகவும் தேய்த்துத் துடைத்துப் பார்க்கவேண்டும். கடைசியில் வேக்ஸ்.

நகம் தட்டினால் கை வைக்காதீர்கள். 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் நைசான உப்புத்தாள்) போட்டு மிஷினில் பாலிஷ் ஏற்றுகிற வேலை அது. பெயின்ட் தடிமனை அளக்கும் மீட்டர் வைத்திருப்பவரிடம் மட்டும் கொடுங்கள். கம்பெனி பெயின்ட் எல்லாப் பூச்சும் சேர்த்தே ஏறக்குறைய 100 முதல் 130 மைக்ரான்தான். அதில் கிளியர் கோட் 40 சொச்சம், தலைமுடியைவிட மெல்லிசு. வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளும் அந்தப் பூச்சில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பாலிஷும் அதில் கொஞ்சத்தைச் சீவித்தான் எடுக்கிறது. அதனால் டார்ச் அடித்தால் மட்டும் தெரிகிற தடத்தை நான் அப்படியே விட்டுவிடுகிறேன்.

ஒரு பட்டறையில் என் பானெட்டைப் பார்த்ததும், "பேசாம ஃபுல் பானெட்டும் அடிச்சிரலாம் சார், புதுசாட்டம் ஆயிடும்" என்றார்கள். எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. தொழிற்சாலையில் வெறும் பாடியாக இருக்கும்போது சுமார் 140 டிகிரியில் சுட்டு இறுக்கிய பூச்சு அது. பிளாஸ்டிக்கும் வயரும் பூட்டிய வண்டியை அந்தச் சூட்டில் வைக்க முடியாது என்பதால் பட்டறையின் பெயின்ட் அறையில் 60 டிகிரி வாக்கில்தான் காயவைப்பார்கள். அதற்கு வேறு வகை பெயின்ட். நல்ல கைகாரர் அடித்தால் நன்றாகவே இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மெட்டாலிக் நிறம் பக்கத்து ஃபெண்டரோடு (முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகடு) ஒத்துப்போவது சிரமம். அதை மறைக்க ஃபெண்டர் வரைக்கும் சேர்த்து அடிப்பார்கள். நாளைக்கு வண்டியை விற்கப் போனால் புரோக்கர் முதலில் மீட்டரைத்தான் வைப்பார். ரீபெயின்ட் என்று தெரிந்தால் ஆக்சிடென்ட் வண்டியோ என்ற சந்தேகம் வரும், விலையும் இறங்கும். ஒரு காக்காய்த் தடத்துக்கு இவ்வளவு விலை எதற்கு? கிளியர் கோட்டே உரிந்து அடி நிறம் வெளியே தெரிந்தால் மட்டும் பெயின்ட்டுக்குப் போங்கள்.

மரத்தை வெட்டிவிடலாம் என்று தெருவில் பேச்சு வந்தபோதும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. சித்திரை வெயிலில் எங்கள் தெருவுக்கு இருக்கிற ஒரே நிழல் அது. பெயின்ட்டுக்கும் அந்த நிழல் நல்லதுதான்.

வைகாசிக் கடைசியில் ஒரு கோட் வேக்ஸ் போட்டுவிடுங்கள். மதுரை வெயிலுக்கு அது இரண்டு மாதம் தாங்கினால் அதிகம், ஆனாலும் பழ சீசனைக் கடத்திவிடும். பெயின்ட் மேல் செராமிக் கோட்டிங் என்ற பாதுகாப்புப் பூச்சு போட்டவர்களும் எச்சத்தை விட்டுவைக்கக் கூடாது, அதிலும் தடம் விழும். தூசி படிந்த வண்டி மேல் கவர் போடுவதை நான் சொல்லமாட்டேன். காற்றில் கவர் அசைய அசைய வண்டி முழுக்க மெல்லிய கீறல் விழும். டிக்கியில் ஒரு தண்ணீர் பாட்டிலும் டிஷ்யூவும் துணியும் இருந்தால் போதும், ஆபீஸ் வாசலிலேயே வேலை முடிந்துவிடும்.