பதினாறு வயதில் ஆட்டிசம் பரிசோதனைக்குப் போனேன்

பதினோராம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் நான்கு நாள் நான் யாரிடமும் பேசவில்லை. கோபம் எதுவும் இல்லை, வாயைத் திறந்தால் சொல் வரவில்லை, அவ்வளவுதான். தேர்வறையில் தலைக்கு மேல் ஒரு மின்விசிறி கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது, பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் பாட்டு, அதோடு முந்தின நாள்தான் உட்காரும் வரிசையை மாற்றியிருந்தார்கள். எப்படியோ எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் தரையில் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. பாட்டி திருஷ்டி சுற்றிப் போட்டார். அம்மா பயந்துபோய் கும்பகோணத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார்.

அதற்கு ஒரு வருடம் முன்பே எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆட்டிசம் என்றால் மூளை சின்ன வயதிலிருந்தே வேறு விதமாக வளர்வது, பழகும் விதமும் சத்தம், தொடுதலை உணரும் விதமும் மாறியிருக்கும். அது உள்ள ஒரு பெண் பேசிய வீடியோவைப் பார்த்துவிட்டு விடிய விடியப் படித்திருக்கிறேன். அம்மாவிடம் சொன்னபோது, "அது பேச்சு வராத குழந்தைங்களுக்குடி, நீ பத்தாவதுல 478 வாங்கினவ" என்றார். அந்த டாக்டரும் அதையேதான் சொன்னார். மார்க் நன்றாக வருகிறது, முகம் பார்த்துப் பேசுகிறாள், போனைக் குறைத்தால் சரியாகிவிடும். ஆனால் நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை, நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்பில் ஒரு டீச்சர் "ஏன் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கிற" என்று தாடையைப் பிடித்துத் திருப்பிய நாளிலிருந்து எனக்கு அந்தப் பழக்கம். பெண்கள் என்றால் பொட்டு, ஆண்கள் என்றால் திருநீறு, ஒன்றும் இல்லாவிட்டால் இரண்டு புருவத்துக்கும் நடுவே. இப்படி மறைத்து மறைத்துப் பழகுவதாலும் நிறையப் பெண் பிள்ளைகளைச் சின்ன வயதில் யாரும் கண்டுபிடிப்பதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அப்புறம் அப்பா திருச்சியில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார். மனச்சோர்வு, பதற்றம் என்று மாத்திரை எழுதினார். அது தப்பு இல்லை, தூக்கம் வந்தது. ஆனால் பாதிதான் சொல்லியிருந்தேன். இரண்டாவது முறை போகும்போது, பேசினால் குழறிவிடும் என்று நான்கு பக்கம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சத்தம், துணி, சாப்பாடு, தோழிகள் என்னைப் பற்றிச் சொல்வது, பேசிவிட்டு வந்தால் எத்தனை மணி நேரம் படுத்துக் கிடப்பேன், எல்லாம். அவர் நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் முழுவதும் படித்தார். ஆட்டிசத்துக்கு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது, பேசியும் கவனித்தும் சின்ன வயதுக் கதையைக் கேட்டும்தான் முடிவு செய்ய வேண்டும், அதற்குக் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது இந்த மாதிரி சோதனைகள் செய்யும் உளவியலாளர் வேண்டும் என்றார். ஒருவரை அவரே சொன்னார். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று எங்கே போனாலும் கேட்டுக்கொள்ளுங்கள் என்றும் அப்பாவிடம் சொன்னார். போர்டு மாட்டியவர் எல்லாம் இதைச் செய்ய முடியாது, ஆகவே இதை நானும் சொல்கிறேன்.

அந்தச் சைக்காலஜிஸ்டைப் பார்க்க இரண்டு மாதம் காத்திருந்தோம். மே மாத விடுமுறையில் மூன்று நாள். முதல் நாள் அறிவுத்திறன் சோதனை. இரண்டாம் நாள் படம் மட்டும் உள்ள புத்தகத்தைப் பார்த்துக் கதை சொல்லச் சொன்னார், தோழி என்றால் யார், தனிமை என்றால் என்ன என்றெல்லாம் கேட்டார். எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது இதுதான், ஏனென்றால் மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில்கள் எதுவும் அந்தக் கேள்விகளுக்குப் பொருந்தவில்லை.

மூன்றாம் நாள் அம்மாவும் அப்பாவும். பதினாறு வயதில் போனாலும் அறிகுறிகள் சின்ன வயதிலேயே இருந்திருக்க வேண்டும், வாழ்க்கை கேட்பது நம்மால் முடிவதைத் தாண்டும்போதுதான் சிலருக்கு அது முழுசாக வெளியே தெரியும் என்று சைக்காலஜிஸ்ட் விளக்கினார். எப்போது பேச ஆரம்பித்தாள், விரலை நீட்டி எதையாவது காட்டுவாளா, மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுவாளா? அம்மா முதலில் எல்லாவற்றுக்கும் "எல்லாம் நார்மல்தாங்க" என்றார். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்போது, வழக்கமாக எங்கேயும் வாய் திறக்காத அப்பா ஒரு மஞ்சள் பையிலிருந்து ஐந்து நோட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். நான் இரண்டாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை தினமும் காலையில் ஈபி மீட்டரைப் பார்த்து எழுதிய ரீடிங். தேதி, எண், நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம். அவர் அவற்றைத் தூக்கிப் போடாமல் பீரோவில் வைத்திருந்தது எனக்கே தெரியாது.

"ஊருக்குப் போனால் என்ன செய்வாள்?" என்று கேட்டார் சைக்காலஜிஸ்ட். திருப்பதி போனபோது பக்கத்து வீட்டு மாமா போனில் ரீடிங் சொல்லும் வரை நான் சாப்பிடவில்லை என்று அப்பா சொன்னார். அதற்குப் பிறகு அம்மாவுக்கும் ஒவ்வொன்றாக வந்தது. டிவி விளம்பரத்தை அதே குரலில் நாள் முழுக்கச் சொல்வேன், பொரியலில் ரசம் பட்டால் தட்டைத் தள்ளிவிடுவேன். என் மஞ்சள் நீராட்டில் பட்டுப் புடவையும் மைக் செட்டும் தாங்காமல் மண்டபத்துச் சமையல் சாமான் அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதை எல்லாரும் வெட்கம் என்று சொன்னார்கள். "அன்னைக்கு இவள அடிச்சேங்க" என்று சொல்லி அம்மா அழுதார். நான் அவர் கையைப் பிடிக்கவில்லை, தொட்டால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும், ஆனால் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

மூன்று வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம், நிலை 1, அதாவது மூன்று நிலைகளில் உதவி குறைவாகத் தேவைப்படுவது. முன்பு ஆஸ்பெர்கர் என்று தனியாகச் சொன்னதை 2013இல் டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு இதற்குள்ளேயே சேர்த்துவிட்டது. அறிவுத்திறன் சோதனையில் சொல்வளம் மிக அதிகம், வேகம் ரொம்பக் குறைவு என்றும் இருந்தது. தெரிந்த விடையை எழுத நேரம் போதாமல் போனது சோம்பேறித்தனம் இல்லை என்பதை ஒரு தாளில் பார்த்தது எனக்குப் பெரிய விஷயம்.

அரசுச் சான்றிதழ் தனி வேலை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகை மாற்றுத்திறனில் ஆட்டிசமும் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு ஆன்லைனில் பதிந்துவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போனோம். வரிசையில் நிற்கும்போதே அங்கே ஒருவர், "பொண்ணு நல்லாத்தானே இருக்கு, எதுக்கு இந்தச் சர்டிபிகேட்?" என்றார். அம்மா பதில் சொல்லவில்லை, ஆனால் வரிசையை விட்டு நகரவும் இல்லை. உள்ளே ஆட்டிசத்தை அளக்கும் ஐசா என்ற இந்திய அளவுகோல்: 40 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. அந்த நடத்தை இருபது சதவீத நேரம் வரை இருந்தால் 1, எண்பதுக்கு மேல் என்றால் 5. மொத்தம் 70க்குக் கீழே போனால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. எனக்கு 82. இங்கே பெற்றோர் பிள்ளையின் நல்ல நாளை மட்டும் சொல்லிவிடக் கூடாது, வீட்டுக்குள் நடப்பதையும் சொல்ல வேண்டும். அம்மா இந்த முறை சொன்னார்.

பள்ளி வழியாக விண்ணப்பித்து பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது. இயற்பியல் தாளை முதல்முறையாகக் கடைசிக் கேள்வி வரை எழுதினேன்.

கல்யாணத்துக்குப் பார்க்கும்போது என்ன சொல்வது என்று அப்பாவுக்கு இன்னும் கவலை இருக்கிறது. அத்தைக்கு நாங்கள் சொல்லவில்லை, எப்போது சொல்வேன் என்று தெரியாது. ஆவணியில் மாமா மகளுக்குச் சடங்கு வருகிறது. மண்டபத்தில் மாடி அறை ஒன்றை எனக்காகக் கேட்டு வாங்கி, சாவியைத் தன் கைப்பையிலேயே அம்மா வைத்திருக்கிறார்.