காட்டுக் காசித்தும்பையை ஹெர்பேரியத் தாளில் ஏற்றிய அனுபவம்

எம்.எஸ்சி. ஆய்வுக்காக, காயவைத்துத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் ஹெர்பேரிய மாதிரிகளுக்கென்று கொடைக்கானல் சோலைக்காடுகளில் காட்டுக் காசித்தும்பை சேகரித்தேன். வனத்துறை அனுமதிக் கடிதம் கைக்கு வர மூன்று மாதம் ஆனது. அது இல்லாமல் ஒரு இலைகூடப் பறிக்கக் கூடாது, காத்திருந்துதான் ஆக வேண்டும்.

முதல் தடவை மற்ற செடிகளைப் போலவே இதையும் நியூஸ்பேப்பரில் விரித்து, செடியை அழுத்திக் காயவைக்கும் பிளாண்ட் பிரஸ்ஸில் வைத்து இறுக்கிக் கட்டி, கொடை ரோட்டில் ரயிலேறிவிட்டேன். தாம்பரம் வீட்டில் பிரித்துப் பார்த்தால் இலைகள் கழன்று கிடந்தன. பூக்கள் பழுப்புக் கறையாகப் பேப்பரோடு ஒட்டியிருந்தன. வெளியே நவம்பர் மழை. இரண்டே நாளில் பூஞ்சை பிடித்தது. பதினேழு மாதிரிகளில் தேறியது இரண்டு. காட்டிலிருந்து பிடுங்கி வந்த உயிரை இப்படி வீணாக்கிவிட்டோமே என்று அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

காசித்தும்பையின் தண்டு முழுக்க நீர். பிரஸ்ஸுக்குள் போன பிறகும் சில நாள் உயிரோடு இருக்கும், அந்த நாட்களில்தான் இலையை உதிர்த்துவிடும். அடுத்த பயணத்தில் தண்டையும் இலையையும் கொதிநீரில் சில விநாடி முக்கி, ஒற்றி எடுத்த பிறகே தாளில் வைத்தேன். காலையும் மாலையும் பேப்பர் மாற்றினேன். சென்னைக்கு வந்ததும் பல்பு வெளிச்சத்தின் சூட்டில் பிரஸ்ஸை நிறுத்தி வைத்தேன்.

பூவுக்கு மட்டும் தனி வைத்தியம். செடி நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, ஈரமான டிஷ்யூ பேப்பரில் ஊசியால் ஒவ்வொரு பாகமாகப் பிரித்து வைக்க வேண்டும்: பக்கத்துப் புல்லி இரண்டு, மேல் இதழ் ஒன்று, ஜோடியாக ஒட்டிய சிறகிதழ் இரண்டு, அப்புறம் உதடு எனப்படும், வால் நீண்ட கீழ்ப் புல்லி. இனத்தைக் கண்டுபிடிக்க இந்த வாலின் நீளமும் வளைவும்தான் பெரிய துணை. அது மடங்கிக் காய்ந்துவிட்டால் யாராலும் சொல்ல முடியாது. முதல் பூவுக்கு இருபது நிமிடம் பிடித்தது, விரல் நடுங்கியது. இரண்டு முழுப் பூக்களை ஸ்பிரிட் பாட்டிலிலும் போட்டு வைத்தேன். காய் தொட்டாலே வெடித்து விதை சிதறும் என்பதால், செடியில் இருக்கும்போதே காகித உறையை மாட்டிவிட்டுப் பறித்தேன்.

நிறத்தை அங்கேயே நோட்டில் எழுதிவிட வேண்டும், ராத்திரி அறைக்குப் போய் எழுதலாம் என்று விடவே கூடாது. உலர்ந்த செடிகளின் காப்பகமான மெட்ராஸ் ஹெர்பேரியம் 1909இல் கோயம்புத்தூருக்குப் போய்விட்டது, ஆனாலும் எம்ஹெச் என்ற பழைய குறியீட்டோடுதான் இன்றும் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க அங்கே போயிருந்தேன். பழைய தாள் ஒன்றில் பூவெல்லாம் ஒரே பழுப்பு. லேபிளில் மட்டும் யாரோ மறக்காமல் நிறத்தை எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரியை வைத்துத்தான் என் செடியை ஒப்பிட முடிந்தது.

என் தாளின் லேபிளிலும் இப்போது இருக்கிறது: உதடு வெள்ளை, தொண்டையில் மஞ்சள், வால் நுனி இளஞ்சிவப்பு.