ஏற்றத்தில் குரூஸ் கண்ட்ரோலும் ஆட்டோமேட்டிக் கியரும்

ஓட்டுநர் அமைத்த வேகத்திலேயே காரைத் தானாக ஓடவைக்கும் குரூஸ் கண்ட்ரோலை உருவாக்கிய அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் டீட்டர் சிறு வயதிலேயே பார்வையை இழந்தவர் என்பது இன்றும் என்னை வியக்க வைக்கிறது. 1958ஆம் ஆண்டு இம்பீரியல் கார்களில் கிரைஸ்லர் அதை அறிமுகப்படுத்தியபோது அது இயக்கியது, எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் திராட்டிலை மட்டுமே. இன்றோ எஞ்சின் கணினியும் கியர்பெட்டிக் கணினியும் ஓயாமல் தகவல் பரிமாறிக்கொள்கின்றன.

மணிக்கு 90 கிலோமீட்டரில் வைத்துவிட்டு நீண்ட ஏற்றத்தில் ஏறும்போது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுழல்கிறது என்று காட்டும் ஆர்.பி.எம். முள்ளைக் கவனியுங்கள். வேகம் சற்றுக் குறைந்ததும் திராட்டில் கூடுதலாகத் திறக்கிறது; அது போதாதபோது எஞ்சினையும் கியர்பெட்டியையும் திரவத்தின் வழியே இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரைப் பூட்டி வைத்திருக்கும் லாக்கப் கிளட்ச் விடுபட, முள் சில நூறு சுற்றுகள் மெல்ல உயர்கிறது; அதற்கும் மேல் விசை தேவைப்பட்டால் கியர் ஒன்று குறைந்து, முள் சட்டென்று தாவுகிறது. வேகம் மீண்டதும் மேல் கியருக்குப் போய், உடனே மறுபடியும் கீழிறங்கும் தடுமாற்றம் பழைய நான்கு கியர் வண்டிகளில் மிகுதி. புதியவை சரிவை உணர்ந்து கீழ் கியரிலேயே நிற்கின்றன. அப்படி நிற்காத வண்டியில், மேல் கியரை நாமே தடுத்து வைப்பதுதான் நல்லது என்பேன்.

இறக்கத்தில் நிலைமை வேறு. திராட்டிலை முழுதாக மூடிய பிறகும் வண்டி வேகமெடுத்தால், பல கார்கள் கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வேகத்தைப் பிடிக்கின்றன. சில பிரேக்கையும் தொடுகின்றன. இரண்டும் செய்யாத வண்டியில் பிரேக் நம் பொறுப்பு; அதை மிதித்தவுடன் குரூஸ் விலகிவிடும்.