ஊர்ப்பெயரோடு வருபவரிடம் மாவட்டத்தைக் கேட்பது

நிலம் தொடர்பான படிவங்களில் மாவட்டம், வட்டம், உள்வட்டம், வருவாய் கிராமம் என்ற அடுக்கு வந்தே தீரும். தமிழ்நாட்டில் மாவட்டங்கள் 38. கிராமங்களோ 16,000-க்கும் மேல். வடிவமைப்பாளரின் கை முதலில் போவது நான்கு டிராப்டவுன்களுக்குத்தான், அதாவது தொட்டால் பட்டியல் விரியும் பெட்டிகளுக்கு. தரவுத்தளம் அப்படி அடுக்கப்பட்டிருப்பதால் திரையும் அப்படியே ஆகிவிடுகிறது. படிவத்தை நிரப்புகிறவரோ ஊர்ப்பெயரோடு வருகிறார். அவருடைய உள்வட்டம் எது என்று கேட்டால் பெரும்பாலும் விழிப்பார்.

ஓர் ஊரை மட்டும் தேர்வதற்கு, தேடல் வசதியுள்ள ஒரே பெட்டி போதும். இரண்டெழுத்து தட்டியதும் ஊர்கள் வரட்டும். ஒவ்வொன்றின் கீழும் சிறிய எழுத்தில் வட்டமும் மாவட்டமும். இடத்தை மிச்சம் பிடிக்க அந்த இரண்டாம் வரியை வெட்டினால், புதூர் என்று தேடுபவருக்கு வரிசையாகப் புதூர்களே தெரியும், எது தன்னுடையது என்று தெரியாது. தேர்ந்த பிறகு மூடிய பெட்டியிலும் இடம் போதாதபோது மாவட்டப் பெயரைச் சுருக்கலாம், ஊர்ப்பெயரில் கை வைக்கக்கூடாது.

தமிழ்த் தேடல் சத்தமில்லாமல் காலை வாரும். 'கொடுமுடி'யின் ஒகரக் குறியை, எழுத்துகளுக்கு எண் தரும் முறையான யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசமே இல்லை. தரவையும் தட்டச்சையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றாமல் ஒப்பிட்டால் ஊர் இருந்தும் 'இல்லை' என்று வரும். அகரவரிசையிலும் இதே கதை. யூனிகோடு எண்வரிசையில் 'ந'வுக்கு அடுத்து 'ன' நிற்பதால் கடலூர், கன்னியாகுமரி, கரூர், கள்ளக்குறிச்சி என்று அடுக்கும். பள்ளியில் படித்த வரிசைப்படி கன்னியாகுமரி இந்த நால்வரில் கடைசி. ஜாவாஸ்கிரிப்டில் சொற்களை வரிசைப்படுத்தும் கருவியான கொலேட்டரிடம் மொழி தமிழ் என்று சொல்லிவிட்டால் இது சரியாகும்.

பல கிராமங்களை ஒருசேரத் தேர்வு செய்யும் அலுவலர்களுக்கு மரவடிவம் வேண்டும், அதாவது மாவட்டத்துக்குள் வட்டம், வட்டத்துக்குள் உள்வட்டம் என்று விரியும் பட்டியல். ஆனால் 360 பிக்சல் அகலக் கைபேசியில் கணக்குப் போட்டுப் பாருங்கள்: விளிம்புகளுக்கு 32, அடுக்குக்கு 24 வீதம் நான்காம் அடுக்கின் உள்தள்ளல் 72, விரல் தவறாமல் படுவதற்காக அம்புக்குறிக்கும் தேர்வுக் கட்டத்துக்கும் 48 வீதம் 96. பெயருக்கு மிஞ்சுவது 160. கைபேசியில் ஒரு நேரத்தில் ஓர் அடுக்கை மட்டும் காட்டி, மேலே 'பின்செல்' வரி வைப்பதே மேல்.

சில கிராமங்கள் மட்டும் தேர்வாகியிருந்தால் வட்டத்தின் கட்டத்தில் சிறு கோடு வர வேண்டும். அந்த நிலையை எச்டிஎம்எல்லில் எழுத முடியாது, ஸ்கிரிப்டில்தான் அமைக்கலாம். கோடு உள்ள கட்டத்தைத் தொட்டால் வட்டத்தின் கிராமங்கள் அனைத்தும் தேர்வாகி, பொறுக்கி எடுத்த ஏழு கிராமங்கள் அந்தக் கூட்டத்தில் கரைந்துபோகும். அதனால் 'முன்போல் ஆக்கு' கட்டாயம்.

சேமிப்பதுதான் வில்லங்கமான பகுதி. 'முழு மாவட்டம்' என்ற விதியைச் சேமிக்கிறோமா, அன்றைய கிராமப் பட்டியலையா? 2019-ல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி பிரிந்தபோது இவை இரண்டும் வெவ்வேறு விடை தரும். உரிமப் பதிவுக்குப் பட்டியல், அறிவிப்பு அனுப்ப விதி என்பது எங்கள் வழக்கம். எப்படியானாலும் பெயரைச் சேமிக்காமல் குறியீட்டைச் சேமிக்க வேண்டும். காலாவதியான குறியீடு புதிய தேடலில் வரக்கூடாது. பழைய பதிவைத் திறந்தால் மட்டும் பழைய மாவட்டப் பெயரோடு தெரியட்டும்.