கேன் தண்ணிய எங்க ஊத்தறது?

தர்மபுரி பக்கம் ஃப்ளோரைடு வேலை பார்த்தவங்களுக்கு ஊர் நிலவரம் நான் சொல்லத் தேவையில்ல. மத்தவங்களுக்கு: போர் தண்ணில ஃப்ளோரைடு அதிகம், அதையே குடிச்சு வளர்ந்தா பல்லும் எலும்பும் கெடும். 2013ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வர்றதுக்கு முன்னாடி நடந்தது இது. எங்க ப்ராஜெக்ட், தண்ணில இருந்து ஃப்ளோரைட எடுக்கற ஆக்டிவேட்டட் அலுமினா ஃபில்டர். ரிசல்ட் எல்லாம் மறந்து போச்சு, டேங்க் ஆபரேட்டர் அண்ணன் கடைசில கேட்டது மட்டும் போக மாட்டேங்குது.

அலுமினா ஃப்ளோரைட புடிச்சு வச்சுக்கும், நிறைஞ்சதும் காஸ்டிக் சோடாங்கற காரத்த விட்டு கழுவி, அப்புறம் ஆசிட் விட்டு பழையபடி கொண்டு வரணும். தண்ணியோட பிஹெச், அதாவது அமில-கார அளவு, 5.5ல இருந்து 6.5க்குள்ள இருந்தாத்தான் அது நல்லா புடிக்கும், அந்த ஊர் போர் தண்ணி எட்டு கிட்ட, தண்ணில இருக்கற பைகார்பனேட் வேற அலுமினால ஒட்ட போட்டிக்கு நிக்கும், அதனால லேப்ல ஓடின அளவுக்கு ஊர்ல ஓடாது, அடிக்கடி கழுவணும். அண்ணன் அத அவ்வளவு பொறுப்பா கத்துக்கிட்டார். கிளவுஸ் மாட்டிட்டு, பிஹெச் பேப்பர வெயில்ல தூக்கிப் புடிச்சு, கலர் சார்ட்டோட ரெண்டு தடவ ஒத்துப் பார்ப்பார். ஃப்ளோரைடும் காரமும் சேர்ந்த அந்தக் கழுவின தண்ணிய கேன்ல புடிச்சு எங்க வண்டில ஏத்திடுவோம்.

ஃபண்ட் முடிஞ்சது, இனிமே வண்டி வராது.

"கழுவறத நான் பாத்துக்கறேன் மேடம். இந்த கேன் தண்ணிய எங்க ஊத்தறதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

"எங்கயும் ஊத்தக் கூடாதுண்ணா."

"மண்ணுல இருந்து வந்ததுதானே, மண்ணுக்கே போகட்டுமே?"

நான் ஒத்துக்கல. ஃபில்டர நிறுத்தச் சொல்லிட்டு வந்தேன்.

அவர் கணக்கு தப்பில்ல, மொத்த ஃப்ளோரைடு ஒரு துளியும் அதிகமாகப் போறதில்ல. ஆனா அத்தன தண்ணில பரவிக் கிடந்தத ஒரே இடத்துல, அதுவும் போர் பக்கத்துலயே, காரத்தோட கொட்டறது வேற. காரம் மண்ணுல ஒட்டியிருக்கற ஃப்ளோரைடயும் கிளப்பி விட்டுடும். அதனால நான் சொன்னது சரின்னுதான் இன்னிக்கும் நினைக்கறேன். ஆனா நிறுத்தின மறுநாள்ல இருந்து அந்த ஊர் புள்ளைங்க குடிச்சது அதே போர் தண்ணிதானே, பல்லு முளைக்கற வயசு, கொஞ்சம் கழிவு மண்ணுல போறது பெருசா, இது பெருசா? சுண்ணாம்பு போட்டா கால்சியம் ஃப்ளோரைடா படியும், சேறா அள்ளிடலாம்னு பேசினோம்தான். அந்த சேறு யார் பொறுப்புன்னு கேட்டதும் ஒருத்தரும் வாயத் திறக்கல. அண்ணன் ஒருத்தர்தான் ஏத்துக்கத் தயாரா இருந்தார், அவர் தலைல அத கட்ட எனக்கு மனசு வரல. அவரே வேணும்னு கேட்டத வேணாம்னு சொல்ல நான் யாருன்னும் தோணும்.

இப்போ எந்த ஃபில்டர் திட்டம் வந்தாலும் கழிவுக்கு இடம் முடிவு பண்ணாம ஊருக்குள்ள கொண்டு போகக் கூடாதுன்னு மீட்டிங்ல சண்ட போடறேன். அப்படி சண்ட போட்டு ஒரு ஊருக்கு ஃபில்டர் போகாமலே நின்னு போச்சு. அங்க இன்னும் போர் தண்ணிதான்.